பாக்கியம் அக்காவின் நடை

தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா பேசினார். “தம்பி, அக்கா போயிட்டாங்கப்பா.” நிமோனியா. விழுங்கிய கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. என் கால்கள் நேராக நிற்கின்றனவா என்றுதான் குனிந்து பார்த்தேன்.

டயகமத் தோட்டத்தில் அக்கா வேலை பார்த்த பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை அக்காவின் இடுப்பில் இருந்தவர்கள்தானே, லயத்துப் பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும்! பிறகு அவர் நடை தள்ளாடத் தொடங்கியது. “அப்பன் மாதிரியே மகளும் ஊத்துதாக்கும்” என்றது நாங்கள் குடியிருந்த லயம். எங்கள் அப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை. அவரும் இப்படித்தான் தள்ளாடினார். குடிகாரன் என்ற பெயரோடேயே செத்தார். தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்து, அக்கா தரையில் உட்கார்ந்துதான் பிள்ளைகளை வாங்குவார்.

அக்காவைக் கண்டிக்குக் கூட்டிப்போனபோது டொக்டர் விளக்கினார். பி.ஆர்.கே.சி.ஜி என்று ஒரு மரபணு. கல்சியம் வந்து தொட்டால் வேலை செய்யும் ஒரு புரதத்தை உடம்பு அதைப் பார்த்துத்தான் செய்கிறது. அதில் பிழை இருந்தால் சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். “அப்பாகிட்ட இருந்து வந்திருக்கும். உங்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம். ரத்தம் குடுத்துப் பார்ப்போமா?” பிறகு வருகிறேன் என்றேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

டொக்டர் சொன்னதில் லயத்தார் பிடித்துக்கொண்டது கல்சியத்தை மட்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் கிளினிக்கில் தங்களுக்குக் கொடுத்த கல்சியம் குளிசைகளை முந்தானையில் முடிந்து அக்காவிடம் கொண்டுவந்தார்கள். “அடியே, வயித்துப் புள்ளைக்குக் குடுத்தத எனக்கு ஏண்டி கொண்டாறீங்க? என் கண்ணு முன்னாலயே முழுங்குங்கடி!” திட்டிக்கொண்டே சிரித்ததில் அக்காவுக்குப் புரையேறியது. நாங்களும் சிரித்தோம்.

என் பயம் அவருக்குத் தெரியும். “போ போன்னா பயம் போவாது தம்பி. அது அழுவுற புள்ள. இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு வேலையப் பாரு” என்றார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொள்ளிக்குடம் நான்தான் சுமந்தேன். குழியைச் சுற்றி வரும்போது மழையில் ஊறிய மண்ணில் கால் தடுமாறியது. குடத்துத் தண்ணீர் தோளில் கொட்டியது. பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்: “தம்பியும் போட்டிருக்கான் போல.” ஐயோ, அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. நான் ஒரு சொட்டும் தொட்டிருக்கவில்லை.

சறுக்கியது ஈர மண்ணா, அப்பாவின் ரத்தமா? தெரியாது. அடுத்த கிழமை கண்டிக்குப் போய் ரத்தம் கொடுக்கப் போகிறேன். அக்காவின் நடை எனக்கும் வந்திருக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அவர் சொன்ன சொல் மட்டும் நிச்சயமாக என்னிடம் இருக்கிறது. பயமாக இருக்கிறது, அக்கா. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுதான் போகிறேன்.