ஏணியை விட்டது யார்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பக்கம் மல்கிரேவில் எங்கள் பக்கத்து வீட்டுத் துளசி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பாரிஸ்டர் பயிற்சியில் இருந்தாள். கடைசிப் பரீட்சை, நிஜக் கோர்ட் போலவே நடத்திப் பார்க்கிற ஒரு பாவனை வழக்கு. அதில் தேறாவிட்டால் கோர்ட்டில் வாதாட முடியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய ஒரு தமிழ்ச் சாட்சி தேவையாம். "அங்கிள், கதைக்கிறதுக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம், வாங்கோ" என்று கூட்டிப்போனாள்.

வழக்கு இவ்வளவுதான். கட்டட வேலையில் ஏணி சரிந்து ஒருவர் விழுந்து இறந்துவிட்டார். ஏணியைப் பிடிக்க வேண்டிய இன்னொரு தொழிலாளி மேல் குற்றச்சாட்டு, துளசி அவர் பக்கம். கூட வேலை பார்த்தவனாக நடிக்கிற நான், ஏணியை யாரும் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். கொடுத்த தாளில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடாது. நீதிபதி நாற்காலியில் ஒரு மூத்த பாரிஸ்டர், வெள்ளைக்காரர். வழக்கை எழுதியவரும் அவரே. மொழிபெயர்ப்பாளர் சென்னைப் பெண்.

துளசி ஆங்கிலத்தில் கேட்டாள், அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "ஏணியை யார் பிடிச்சிட்டிருந்தாங்க?"

"யாரும் பிடிக்கல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், வந்தது வேறு.

"பிடிச்சனான். பிறகு விட்டனான்."

நான் திருச்சிக்காரன் ஐயா. பிடிச்சேன், விட்டேன் என்பதைத் தவிர என் வாயில் வேறு வராது. அந்தப் பெண்ணோ 'அவன் பிடித்தான், பிறகு விட்டான்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். பாவம், அவள் காதுக்கு அப்படித்தான் கேட்கும். யாழ்ப்பாணத்தில் 'விட்டனான்' என்றால் விட்டது நானே.

துளசிக்குத் தெரியும். ஆனால் வாதாடுகிறவர் தானே மொழிபெயர்த்துச் சொல்லக் கூடாதாம், சொன்னால் பரீட்சை போச்சு. அதனால், பதில் தெளிவாக இல்லை, இன்னொரு கேள்வி கேட்கிறேன் என்று அனுமதி வாங்கி, விட்டவர் இந்த அறையில் இருந்தால் காட்டச் சொன்னாள். என் கை தானாக எழுந்து என் நெஞ்சைத் தொட்டது.

மூத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விசாரணையை அத்துடன் நிறுத்தினார்.

துளசி தேறிவிட்டாள். ஆனால் வெளியே வந்து அந்த மூத்தவர் சொன்னதைக் கேளுங்கள். அந்த வழக்கு கற்பனை இல்லையாம், அவர் இளம் பாரிஸ்டராக இருந்தபோது வாதாடியது. அங்கேயும் ஒரு தமிழ்ச் சாட்சி, யாழ்ப்பாணத்துக்காரர், அங்கேயும் 'அவன் விட்டான்' என்றே மொழிபெயர்ப்பு. அதை நம்பி அவருடைய கட்சிக்காரரைச் சிறையில் போட்டார்கள். அந்தச் சாட்சி இப்போது உயிரோடு இல்லை.

பிறகு என்னையே பார்த்தபடி துளசியிடம் ஏதோ கேட்டார்.

"வேணுமெண்டு விட்டதோ, கை வழுக்கினதோ எண்டு கேக்கிறார், அங்கிள்."

எனக்கென்ன தெரியும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, என்னுடையது அல்லாத பதில். பல்லைக் கடித்துக்கொண்டு கார் வரை ஓடிவந்துவிட்டேன். அது என்ன பதில் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதனால்தான், இப்போதும் யாராவது என்னிடம் சும்மா "ஏன்?" என்று கேட்டால், முதலில் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.