நான் தலையாட்டிய நாள்

என் தொடையில் கொப்புளங்கள் வந்தபோது எனக்கு ஏழு வயது. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி மணி கோத்தாற்போல் வட்டமாகப் பல. ஒரு வட்டம் காய்வதற்குள் அடுத்தது கிளம்பும். லிங்கி ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். எதற்கும் கேட்கவில்லை.

தினமும் கழுவிக் களிம்பு போட்டது சித்திதான். அம்மா இறந்தபின் அப்பா கட்டிக்கொண்டவள். தண்ணீரை முழங்கையில் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள், ஆனாலும் எரியும். கத்துவேன். பக்கத்து வீடுகளுக்கு என் கத்தல் மட்டும் கேட்டது.

பள்ளியில் விளையாட்டுக்கு உடை மாற்றும்போது டீச்சர் பார்த்துவிட்டார். தனியே அழைத்துப் போய்க் கேட்டார்: "யாரும்மா சூடு வெச்சது? சித்தியா?"

புண்ணில் ஒட்டிய துணியைச் சித்தி அன்று காலை உரித்தெடுத்திருந்தாள். அந்தக் கோபத்தில் தலையாட்டினேன். டீச்சர் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்தார்.

மாலையில் போலீஸ் வந்தது. "நீயே சொல்லு, நான் சுட்டேனா?" என்றாள் சித்தி. மாற்றிச் சொன்னால் அடி விழுமென்று அப்பாவின் பின்னால் ஒளிந்தேன். அப்பா நகர்ந்து வழிவிட, சித்தியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

மறுநாள் அவளை விட்டுவிட்டார்கள். ஆனால் விசாரணை முடியும்வரை என் அருகில் வரக்கூடாதாம். மம்பாவில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே, யாரும் சுட முடியாத கட்டிலிலும் புதுக் கொப்புளங்கள் வந்தன. பருப்பளவு தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னார்: "யாரும் சுடலைங்க. நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே இவ தோலைத் தாக்குது. அது மேல்தோலுக்கு அடியில கோடு மாதிரி படிஞ்சிருக்கு. மாத்திரை தர்றேன், கேக்கும்."

அன்றே அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மம்பாவுக்குப் போனார். சித்தி வாசலில் நின்று அப்பா சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"அவங்க தோலை வெட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க என்கூடவே இருந்தீங்களே லா, உங்களுக்குமா தெரியல?"

சித்தி என் பக்கம் கை நீட்டினாள். தெருவில் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "எரியுதா இன்னும்?" என்று மட்டும் கேட்டாள். நான் இல்லை என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புண் முழுதாக ஆறிவிட்டால் அவள் வந்துவிடுவாள் என்று நினைத்து, ஒரு வேளைகூடத் தவறாமல் அந்த மாத்திரைகளை விழுங்கினேன்.