அரைக் கட்டை

புளூஸ் ராக் பாடுகிறவளுக்குக் குயில் குரல் எதற்கு? பதினாறு வயதில் மதுக்கூட மேடையில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, ஒரு பத்திரிகைக்காரன் அந்தக் குரலை ரம்பம் என்று எழுதினான். அவள் அழவில்லை. கிட்டாரின் முதுகில் அந்தச் சொல்லையே சிவப்புப் பெயிண்டால் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ரம்பம்தான். இரண்டு ரெக்கார்டுகள், ஒரே ஒரு ஹிட் பாட்டு, பிறகு வருஷக்கணக்கில் வேனில் அலைச்சல். கடைசியில் மிஞ்சியது ஒரு மதுக்கூடத்தின் சனிக்கிழமை மேடை மட்டும்.

அவளோடு பேஸ் கிட்டார் வாசிப்பவன் அவள் தம்பி. அந்த ஹிட் பாட்டை அவளைக் கேட்காமல் சோப்பு விளம்பரத்துக்குத் தூக்கிக் கொடுத்தவன். வேறொருத்தி அதைக் கொஞ்சிக் கொஞ்சிப் பாடித் தொலைத்தாள். அன்றோடு அக்காவும் தம்பியும் பேசுவதில்லை. மேடையை விட்டுப் போகவும் இருவருக்கும் மனசில்லை. வயது ஏற ஏற அவள் குரல் உச்சிக்கு எட்டவில்லை. கிட்டாரின் சுருதியை அரைக் கட்டை இறக்கிவிட்டு, அடிக் கம்பியை ஒருமுறை மீட்டுவாள். அவன் சுவரைப் பார்த்தபடி தன் கம்பிகளையும் தளர்த்துவான். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை முன்வரிசையில் கிட்டாரோடு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குச் சொதப்பினா அடுத்த வாரம் இந்தப் பொண்ணுதான்" என்றார் மதுக்கூட முதலாளி, அவள் முகத்துக்கு நேராக.

தம்பி அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவளை வரவழைத்தது யார் வேலை என்று அக்காவுக்குப் புரிந்தது.

வழக்கம்போல் சுருதியை இறக்கி, அடிக் கம்பியை மீட்டிவிட்டு ஹிட் பாட்டை எடுத்தாள். முதல் அடியிலேயே பேஸ் அரைக் கட்டை மேலே நின்றது. படுபாவி, கம்பியைத் தளர்த்தவே இல்லை! அவன் சுருதிக்கு ஏறினால் உச்சியில் குரல் உடையும். அதைத்தான் அவன் எதிர்பார்த்தான். அவள் ஏறவில்லை. முறைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாட்டு முழுக்க இரண்டு சுருதியும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. ஆட்கள் எழுந்து போனார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இந்த ஆளோட என்னால வாசிக்க முடியாது சார்" என்று தம்பியைக் காட்டிச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணும் கிளம்பினாள்.

"ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுங்க!" என்று கத்தினார் முதலாளி.

ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். படிக்கட்டில் கீழ்ப்பக்கம் அவன், மேல்பக்கம் அவள். பல வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் வாயைத் திறந்தான்.

"நீ கொஞ்சம் ஏறி வந்திருந்தா என்ன?"

"நீ இறங்கி வந்திருந்தா என்னடா?"

கேட்டுவிட்டு, பெட்டியைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் விட்டாள்.