ஊடா, வண்டியா?

பந்தல் கட்டி முடித்ததும் டில்லிபாபு குறுக்குக் கம்பைப் பிடித்து, இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டு தொங்குவார். கல்யாண வீட்டுப் பெண்கள் அலறுவார்கள். ஆள் வாட்டசாட்டம், அலறாமல் என்ன செய்வார்கள்? இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, “என்னிய தாங்கிச்சுன்னா காத்து மழை அல்லாத்தயும் தாங்கும் சார்” என்பார். திருநின்றவூரில் அவர் வீட்டுக்கு எதிர் பிளாட்டில் இருக்கிற எனக்கு இந்தத் தொங்கல் பழகிப்போயிற்று.

எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யமாட்டார். மகள் லாவண்யா கல்லூரியில் சேர்வதற்கு முன்பே அவளைக் கூட்ட நேரத்து ரயிலில் ஏற்றிப் போய்க் காட்டிக்கொண்டு வந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒத்திகை பார்க்காமல் செய்தது ஒன்றுதான்: கடன். ஏசி வைத்த பெரிய பந்தல் வாங்குவதற்காக ஊரெல்லாம் கைமாற்று வாங்கினார். அதற்குள் மண்டபக்காரர்கள் எல்லாவற்றையும் தாங்களே தர ஆரம்பித்துவிட்டார்கள். வந்த காசை, வாசலில் நின்று கத்தியவர்களுக்கெல்லாம் முதலில் கொடுத்தார். வீட்டின் மேலும் சாமான் ஏற்றும் வண்டியின் மேலும் பேங்கில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை.

“பேங்குக்காரன் கத்தல சார். தங்கமான மனுசன்னு நெனச்சிக்கினேன்.”

கத்தாதவன்தான் வீட்டுக்குப் பூட்டும் வண்டிக்கு ஆளும் அனுப்புவான் என்பது நோட்டீஸ் வந்த பிறகுதான் உறைத்தது. அட கடவுளே, என்ன மனிதர்!

இப்போது திவால் மனு போடப்போகிறார். கைமாற்றுக் கடன்களைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும், ஆனால் வீட்டின் மேலும் வண்டியின் மேலும் வாங்கிய கடன் அந்த மனுவில் கரையாது என்று வக்கீல் ரகுநாதன் சொல்லிவிட்டாராம். தவணை கட்டினால் பொருள் நம்மிடம் இருக்கும். கட்டாவிட்டால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். டில்லிபாபுவின் வரும்படிக்கு ஒரு தவணைதான் தாங்கும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று மனு போடுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

வேறு ஆளாக இருந்தால் ஜோசியரிடம் போயிருப்பார். இவர் ஒத்திகைக்கு இறங்கிவிட்டார்.

முதலில் வண்டி இல்லாத ஒத்திகை. சாவியை மனைவி கலைவாணியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு வாடகை வண்டியில் சாமான் ஏற்றினார். பந்தல் பிரிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வாடகை வண்டிக்காரர் காத்திருந்ததற்கும் சேர்த்துக் காசு கேட்டார். கொடுத்தது போக, டில்லிபாபு கையில் டீக்குத்தான் மிஞ்சியது.

அடுத்தது வீடு இல்லாத ஒத்திகை. வேலப்பன்சாவடியில் கலைவாணியின் அண்ணன் தங்கராஜ், விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறார். அவருடைய குடோனுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. குடும்பத்தோடு அங்கே போனார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க நானும் ஒரு சாயங்காலம் போனேன். ஆவல் யாரை விட்டது? லாவண்யா கவிழ்த்த பிரியாணி அண்டா மேல் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கலைவாணி அழுதுகொண்டிருந்தார். அவருடைய ரசப் பாத்திரத்தை, குடோன் சாமான் என்று நினைத்து யாரோ மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அது அடிப்பிடித்துக் கரியாகத் திரும்பியிருந்தது.

“ஊட்ட உட்டுட்டு வர்றதுக்குக்கூட மன்ச தேத்திக்கினேன்” என்றார் என்னிடம். “என் ஏனத்த எவனோ வாடகைக்கு எத்துகினு போறான், சார். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டானா?”

பார்க்கவே பாவமாக இருந்தது. டில்லிபாபு அந்தப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். மறுநாளே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். எதை விடப்போகிறார் என்று நான் கேட்டபோதெல்லாம் வானத்தைப் பார்த்தார். “கலை சொல்லட்டும் சார். அவ ஊடு அது.”

மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் காலை. டில்லிபாபு தெருவில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கலைவாணி வீட்டுக்குள்ளிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து படியில் அடுக்கினார்: இட்லிக் குண்டான், பால் செம்பு, அந்த ரசப் பாத்திரம். கடைசியாகச் சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் புருஷன் முன்னால் வைத்தார்.

“அண்ணன் ஏனம் அல்லாத்துலயும் ‘த’ போட்ருக்குது. அங்க போனா கலந்துடும், இதுல என் பேர போடுய்யா.”

டில்லிபாபு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ரசப் பாத்திரத்தைக் கவிழ்த்து, பிரஷ்ஷை நனைத்து, அதன் அடியில் ‘க’ என்று எழுதினார். பெயின்ட் காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.