திதியன்று சூடேறிய மின்கலம்

பொச்சாவாமை என்று ஒரு குணத்தை நம் முன்னோர் தனியே பெயரிட்டுப் போற்றினர். காக்க வேண்டியதை மறதியால் கைவிடாமை என்பது அதன் பொருள். அது பிறவியிலேயே எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மயிலாப்பூர் சித்திரக்குளத்தருகே குடியிருந்த வேதாந்தத்துக்கு அது ஒரு முற்பகலின் அச்சத்தில் வாய்த்தது.

வங்கி வேலை போக எஞ்சிய பொழுதில் வேதாந்தம் சால்டரிங் கோலும் கையுமாக அமர்ந்து, பாடுவோருக்குக் கையடக்கச் சுருதிப்பெட்டி செய்து தருவார். தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்கழியில், திருவல்லிக்கேணியில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் வலியுல்லா, கீழே விழுந்து உறை உடைந்த கேமரா பாட்டரி ஒன்றை அவரிடம் கொடுத்தார். உள்ளே இருந்தவை இரண்டு லித்தியம் அயான் கலங்கள்.

“சாமி, இது உன் பழைய நிக்கல் பாட்டரி இல்லபா. கேமராவோட வந்த சார்ஜர தவிர வேற எதுலயும் நான் போட்டதில்ல. நீ பாட்டுக்குப் போட்டு வெடிச்சா, அதையும் நான்தான் வீடியோ எடுக்கணும்.”

“எடுங்களேன், ஓசியில,” என்று வேதாந்தம் சிரித்தார்.

நிக்கல் கலங்களை மின்சாரத்தில் போட்டுவிட்டு, கைக்குச் சூடு தட்டினால் நிறைந்ததென்று எடுப்பது அவர் வழக்கம். அதே வழக்கத்தைப் புதியவற்றுக்கும் வைத்துக்கொண்டார். மின்னேற்றம் அளவு மீறாமல் தடுக்கும் சிறு காவல் தகட்டையும், சுருதிப்பெட்டியில் இடம் போதவில்லையென்று கழற்றி எறிந்தார்.

தந்தையின் திதி வந்தது. மாலையில் பாடகர் ஒருவர் பெட்டிக்கு வருவதாயிருந்ததால், காலையிலேயே கலங்களைப் பழைய சார்ஜரில் மாட்டிப் பின்கட்டு அறையின் முக்காலியில் வைத்தார். திதி செய்துவைக்கும் வாத்தியார் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்பது எண்ணம். வாத்தியாரோ சீக்கிரமே வந்துவிட்டார். விரலில் தர்ப்பைப் பவித்திரம் ஏறியது. கலங்கள் நினைவிலிருந்து நழுவின.

ஹோமப் புகை கூடத்தை நிறைத்தபோது, அக்கா ஸ்ரீரஞ்சனி அவ்வழியே வந்தாள்.

“குழந்தை எங்கே?” என்று கேட்டார் வேதாந்தம்.

“இங்கே ஒரே புகைடா. பின்கட்டு ரூம்ல தூளி கட்டித் தூங்கப் பண்ணிருக்கேன். நீ மந்திரத்தச் சொல்லு.”

பின்கட்டு என்றதும் வேதாந்தத்துக்கு முக்காலியில் வைத்த கலங்கள் நினைவுக்கு வந்தன. நெய்ப்புகையை ஊடறுத்துக்கொண்டு, பழுத்த பழம்போல் இனிக்கும் ஏதோ ஒரு வாடை பின்கட்டிலிருந்து வந்தது. எந்த ஹோமத்திலும் அவர் அதை முகர்ந்ததில்லை.

“நடுவுல எழுந்திருக்கப்படாது ஸ்வாமி,” என்றார் வாத்தியார்.

தந்தைக்குரிய கடன் முன்னே. ஆறு மாதமே ஆன மகள் ஸ்நேஹா பின்னே. பவித்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார்.

கலங்கள் புடைத்துச் சீறிக்கொண்டிருந்தன. வெண்புகை தூளியின் அடிமடிப்பைத் தடவியது. மூச்சை அடக்கிக் குழந்தையை வாரியெடுத்து வெளியே பாய்ந்தார். ஈரமடியோடு, யாரையும் தொடாமல் சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஜெயலக்ஷ்மி, மடியாவது விழுப்பாவது என்று கைநீட்டி வாங்கிக்கொண்டாள். மெயினை அணைத்துத் திரும்புவதற்குள் சுடர் குதித்தது, தூளி பற்றியது. ஹோமத்துக்குப் பரப்பியது போக மிஞ்சிய மணல் தகர டின்னோடு கிடந்தது. அத்தனையையும் கொட்டி மூடினார். மணலுக்கடியில் ஒருமுறை பொருமிவிட்டு அடங்கியது.

குழந்தை விழித்துக் கொட்டாவி விட்டது. வேதாந்தம் குனிந்து அதன் கைகால்களைத் தடவிப் பார்த்தார்.

“ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ,” என்றார் வாத்தியார். “முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். அப்பா காத்துண்டுதான் இருப்பார்.”

ஜெயலக்ஷ்மி அன்று முழுதும் குழந்தையைக் கீழே விடவில்லை. இரவு ஒன்றே சொன்னாள்: “இந்த வேலைய விட்டுடுங்கோன்னு சொல்லலை. பண்ணினா அது பக்கத்துலயே உட்கார்ந்திருங்கோ.”

அன்று முதல் விழுந்து அடிபட்ட கலத்தை அவர் தொட்டதில்லை. காவல் தகட்டைக் கழற்றியதுமில்லை. அந்தக் கலத்துக்கென்றே ஆன சார்ஜரில் போட்டு, முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து, முடியும்வரை அருகிலேயே அமர்வார். வழக்கத்துக்கு மேல் வெதுவெதுப்பு தெரிந்தாலே இணைப்பைப் பிடுங்குவார்.

அவ்வில்லத்தார் நெடுங்காலம் நலமுற வாழ்க. அவர்தம் மழலை அச்சமின்றித் துயில்க. திருமகள் கேள்வன் அவ்வாசலை விட்டகலாது காத்தருள்க.