கேட் போட்டால் இளநீர்

மனை விற்கும் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாள் முதலாளி சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். எங்கள் லேஅவுட் கருங்குழிப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். நடுவில் ஒரு ரயில்வே கேட்.

“கேட்டு போட்டிருந்தா பார்ட்டிகிட்ட அதப்பத்தி வாயே தொறக்காத. வண்டிய ஓரங்கட்டி இளநீ வாங்கிக் குடு. குடிச்சி முடிக்கறதுக்குள்ள தொறந்துடும்.”

கேட் ஓரம் மல்லிகா தள்ளுவண்டியில் இளநீர்க் கடை போட்டிருந்தாள்; காலையில் லேஅவுட் பக்கம், வெயில் ஏறினால் ரோட்டுப் பக்கம். மனை பார்க்க வரும் பார்ட்டிகளை ஏற்றிய எங்கள் வேனைக் கண்டாலே அவள் கை தானாக அரிவாளுக்குப் போகும். சைட் விசிட் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில்தான். அந்த நேரத்தில் ரயிலும் குறைவு, வண்டிகளும் குறைவு. “ஜி.எஸ்.டி. ரோடு அஞ்சே நிமிஷம் சார்” என்று வேனுக்குள் எழுந்து நின்று அறிவிப்பேன். வாராவாரம் சொல்லிச் சொல்லி, அதை முழுசாக நம்பிய ஆள் நான்தான்.

அதனால் அதே லேஅவுட்டில் ஸ்டாஃப் விலையில் ஒரு கார்னர் மனை கிடைத்ததும் வாங்கி, லோன் போட்டு வீடும் கட்டத் துணிந்தேன். என் மனைவி சுமதி மட்டும், “ஒரு வாட்டி வேல நாள்ல போய்ப் பாத்துட்டு வரலாமா?” என்று கேட்டாள்.

“நான் இந்த ஃபீல்டுலயே கீறவன். எனக்கே சொல்றியா?” என்றேன். இந்த வசனத்தை அவள் இன்றுவரை எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குடிபோன பிறகுதான் வாரத்தில் மீதி ஆறு நாட்களும் இருப்பது எனக்குத் தெரியவந்தது. காலை எட்டு மணிக்குக் கேட் விழுந்தால் ஒரு ரயிலோடு திறக்காது. எதிரே வரும் ரயிலும் போக வேண்டும். திறந்தாலும் நகர முடியாது. இரண்டு பக்கமும் ரோட்டை அடைத்து நின்ற வண்டிகள் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும்.

மகள் பவித்ராவின் பிளஸ் டூ முதல் பரீட்சை அன்றும் அப்படித்தான். சென்டர் மதுராந்தகத்தில். சீக்கிரமே கிளம்பியும் கேட்டில் மாட்டினோம். ஒரு ரயில் போனது. கேட் அசையவில்லை. பைக்கின் பின்னால் பவித்ரா சத்தம் இல்லாமல் அழ ஆரம்பித்தாள்.

“இன்னா சார், இளநீ வெட்டவா?” என்றாள் மல்லிகா, பழக்கதோஷத்தில். பிறகுதான் பவித்ராவின் யூனிஃபார்மைப் பார்த்தாள். “ஐயே, பாப்பாவுக்கு பரீட்சயா? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்த தன் தம்பிக்குப் போன் போட்டாள். “டேய் குமாரு, அத்த அப்டியே போட்டுட்டு பைக்க எடுத்துகினு கேட்டுக்கு அந்தாண்ட வா. நம்ம சார் பொண்ணு வருது.”

இரண்டாவது ரயில் போய்க் கேட் திறந்தது. வண்டிகள் வழக்கம்போல் முட்டிக்கொண்டன. பவித்ரா ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள். அந்தப் பக்கம் குமாரின் பைக்கில் அவள் ஏறுவது தெரிந்தது. என் பைக் ஓர் அடிகூட நகரவில்லை.

மல்லிகா வெட்டிய இளநீரை என் கையில் வைத்தாள். “குடி சார். பாப்பா போய்டும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தேன். எத்தனை பார்ட்டிகளை இங்கே நிறுத்திக் குடிக்கவைத்திருப்பேன்! பெல் அடிக்கும்போது பவித்ரா ஹாலுக்குள் இருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பார்ட்டிகளைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் அழைத்துப்போகிறேன். “யோவ், நீ விக்கறியா, வெரட்டறியா?” என்கிறார் முதலாளி. மனை விற்பது குறைந்துவிட்டது. வாங்கியவர்கள் யாரும் என்னைத் திட்டுவதில்லை.

பவித்ரா இப்போது நாவலூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். அந்தப் பக்கமே ஃபிளாட் பார்ப்பதாகச் சொன்னாள். உடனே என் பழைய சைட் விசிட் பழக்கம் விழித்துக்கொண்டது. “ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கறேம்மா.”

“வேணாம்பா. திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு நானே போய் ரோட்ல நின்னு பாத்துக்கறேன். நீ வந்தா எனக்கும் இளநீ வாங்கிக் குடுத்துடுவ.”