சுண்ணாம்பில் தேடிய பூகம்பம்

சுனாமிக்கு அடுத்த வருஷம். சென்னையில் நிலவியல் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தமானின் சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்கு எங்கள் துறையிலிருந்து இரண்டு மாணவர்களை அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். அவரவர் ஊர்ப் பாறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும்; அதை வைத்துத் தேர்வு.

குகைக்குள் சொட்டுச் சொட்டாய் விழும் நீர், சுண்ணாம்புத் தூணை வளையம் வளையமாக வளர்க்கும். பூமி குலுங்கினால் தூண் முறியும், சாயும். பிறகு வேறு கோணத்தில் வளரும். அந்த வளையங்களைக் கொண்டு பழைய பூகம்பங்களின் காலத்தைக் கணிக்கலாம். இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

விடுமுறைக்கு என் ஊர் திருவண்ணாமலைக்கு வந்ததும் மலைக்கு ஓடினேன். தபசிகள் தங்கும் ஒரு சிறு குகையின் சுவர் பெயர்ந்த இடத்தில் வெள்ளை அடுக்குகள், நடுவே தடித்த கறுப்புக் கோடு. அமிலம் விட்டேன், சுண்ணாம்புப் பாறை போலவே நுரைத்தது. போதாதா? 'வளர்ச்சி தடைப்பட்ட காலம். காரணம் நிலநடுக்கமாக இருக்கலாம்' என்று எழுதிச் சனிக்கிழமையே கூரியரில் அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு படமெடுக்கப் போனபோது, குகையைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு நின்றார்.

"இன்னாம்மா அங்க சுரண்டுற?"

"பூகம்பம் வந்த அடையாளம்மா இது."

"அடக் கடவுளே! கார்த்திகைக்குக் கார்த்திகை நான் அடிக்கிற சுண்ணாம்பும்மா அது."

"அப்போ இந்தக் கறுப்பு?"

"கால் ஒடிஞ்சி ரெண்டு வருஷம் வூட்ல கெடந்தேன். வேற எவன் அடிப்பான்? வெளக்குப் பொகை ஜாஸ்தியா படிஞ்சிடுச்சி. நான் வுழுந்ததுதான் பூகம்பம்!"

அவர் சிரித்தார். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பே உட்காரவிடவில்லை. திங்கள் முதல் பஸ்ஸில் சென்னை.

கட்டுரைகளைத் தேர்வு செய்யும் பேராசிரியரிடம் மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன்.

"காலையிலதான் வந்துச்சு. கருங்கல் மலையில சுண்ணாம்பு எப்படி வளரும்னு, படிச்சதுமே தள்ளி வெச்சிட்டேன்மா."

"சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க சார். வேற எழுதித் தரேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி."

துறையின் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன். மனிதர் பூசியதையும் மலை வளர்த்ததையும் எப்படிப் பிரித்தறிவது, அமிலம் ஏன் என்னை ஏமாற்றியது, ஓர் இடைவெளியைக் கண்டதும் பூகம்பம் என்று ஏன் பாயக்கூடாது என்று ஆறு பக்கம். அந்த அம்மாவின் காலும் அதில் இருந்தது.

பட்டியலில் மூன்றாவதாக என் பெயர். போகிறவர்களோ இரண்டு பேர். ஒருவருக்காவது காய்ச்சல் வராதா என்று கப்பல் கிளம்பும் நாள்வரை தினமும் அவர்கள் விடுதிக்குப் போய் விசாரித்துக்கொண்டிருந்தேன்.